கல்லானவளும் தீக்குளித்தவளும்

பழைய கதைகளைத் திருப்பி எழுதும் வழக்கம் தமிழில் பெருகியுள்ளது. கண்ணகியும் சீதையும் திரௌபதியும் புதிய சிறுகதைகளில் புதிய குரலில் பேசுகின்றனர். பாரதியின் மெட்டை எடுத்துக்கொண்டு விலைவாசியைப் பாடும் கேலிப்பாட்டுகளுக்கும் குறைவில்லை. இவற்றைக் கண்டு முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. முன்னோர் போற்றி வைத்ததைத் தொட இவர்கள் யார் என்பது அவர்கள் கேள்வி. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. நாம் புனிதமாகக் கருதும் ஒன்றைப் பிறர் விளையாட்டாகக் கையாளும்போது மனம் நோவது இயல்பே.

ஆயினும், அக்கேள்வியைக் கேட்குமுன் நம் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று. அங்கே தேம்பாவணி இருக்கிறது. நற்செய்தி நூல்களில் சூசையப்பர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுகிறார், சொன்னபடி செய்கிறார், அவ்வளவே. அந்த மௌனத்தை எடுத்துக்கொண்டு வீரமாமுனிவர் 1726இல் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட காப்பியம் ஆக்கினார். வளன் என்று அழகிய தமிழ்ப்பெயர் சூட்டினார். தமிழ்க் காப்பிய மரபுப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் பாடினார். விவிலியத்தில் இல்லாததை எழுதினார் என்று அவரை நாம் குறை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. எனவே திருப்பி எழுதலாமா என்பதன்று வினா. எவ்வாறு எழுதினால் அது தகும் என்பதே வினா.

இதற்கு விடை தேட, தமிழில் மிகுந்த சினத்தையும் மிகுந்த பாராட்டையும் ஒருங்கே பெற்ற ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943இல் வெளிவந்தது. இராமாயணம் அறிந்தோர்க்கு இக்கதை பிடிக்காமற் போகலாம் என்று ஆசிரியரே முன்குறிப்பில் எச்சரித்துவிடுகிறார்.

அகலிகை கதை ஒரே வடிவில் நமக்கு வந்ததன்று. வான்மீகியில் அவள் கல்லாவதில்லை. எவர் கண்ணுக்கும் புலப்படாதவளாய்ச் சாம்பலிற் கிடந்து, காற்றையே உணவாக்கித் தவம் கிடக்கிறாள். வந்திருப்பவன் இந்திரன் என்று அறிந்தே இசைகிறாள். சாபம் நீங்கும் வேளையில் இராம இலக்குவர் அவள் பாதம் தொட்டு வணங்குகின்றனர். கம்பரிலோ அவள் கல்லாகிறாள்; இராமனின் அடித்தூள் பட்டுப் பெண்ணாகிறாள்; நெஞ்சால் பிழை செய்யாதவள் இவள், ஏற்றுக்கொள் என்று விசுவாமித்திரர் கௌதமரிடம் கூறுகிறார். கம்பரும் திருப்பி எழுதியவரே என்பதை அவரைப் போற்றுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.

நெஞ்சால் பிழையாதவள் என்னும் அத்தீர்ப்பைத்தான் புதுமைப்பித்தன் பற்றிக்கொள்கிறார். காப்பியம் அகலிகையைக் கௌதமரிடம் சேர்த்துவிட்டு மிதிலைக்கு நடந்துவிடுகிறது. அவர்கள் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தனர்? மன்னிக்கப்பட்ட பெண்ணுக்கு மறுநாள் காலை எப்படி விடியும்? இவருடைய கதை அங்கே தொடங்குகிறது. கல்லிலிருந்து எழுந்தவளுக்கு ஆறுதல் இல்லை. பிறர் வாய்ச்சொல் ஒவ்வொன்றிலும் உட்பொருள் இருக்குமோ என்று அஞ்சுகிறாள். காணும் ஆடவரில் எல்லாம் இந்திரன் நிழலாடுகிறது. கௌதமர் அன்புள்ளவர், மனமார ஏற்றவர். அவ்வன்பினாலும் அந்த அச்சத்தைத் துடைக்க இயலவில்லை. குற்றம் மன்னிக்கப்பட்டபின்னும் அதன் நினைவு வீட்டிலேயே குடியிருப்பதை இத்தனை நுட்பமாகச் சொன்ன தமிழ்க்கதை வேறொன்றை நாம் அறியோம். ஒப்புரவு அருட்சாதனத்தில் பழகிய நம் வாசகர்களுக்கு இப்பகுதி தனியாக நெஞ்சில் தைக்கும்.

பின்னர் அந்தக் காட்சி வருகிறது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின் இராமனும் சீதையும் ஆசிரமத்துக்கு வருகின்றனர். ஆடவர் வெளியே செல்ல, பெண்கள் இருவரும் தனித்துப் பேசுகின்றனர். தீக்குளித்த செய்தியைச் சீதை சொல்கிறாள். அகலிகையால் நம்ப முடியவில்லை. அவனா கேட்டான் என்று துடிக்கிறாள். உலகத்துக்கு மெய்ப்பிக்க வேண்டுமே என்று சீதை சிரிக்கிறாள். தன் உள்ளம் அறிந்தால் போதாதா என்பது மற்றவளின் கேள்வி.

இந்தக் கேள்வியைப் புதுமைப்பித்தன் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. இரு நிகழ்ச்சிகளும் காப்பியத்திலேயே உள்ளன. பால காண்டத்தில் ஒரு பெண்ணின் நெஞ்சு தூய்மையானது என்பதே போதுமானதாயிற்று. யுத்த காண்டத்தில் இன்னொரு பெண்ணுக்கு நெருப்பு தேவைப்பட்டது. இரண்டிலும் நிற்பவன் அதே இராமன். இடையில் பல காண்டங்கள் கிடப்பதால் நாம் இவற்றைச் சேர்த்து நினைப்பதில்லை. அவ்விரு பெண்களையும் ஒரே கூரையின்கீழ் உட்கார வைத்தார், அவ்வளவுதான் அவர் செய்தது. காப்பியத்தை ஊன்றிக் கற்றவரன்றி வேறெவருக்கும் இது தோன்றாது. இறுதியில் தழுவ வரும் கணவனே இந்திரனாகத் தோன்ற, அகலிகை மீண்டும் கல்லாகிறாள். இம்முறை அவளைச் சபித்தவர் எவருமிலர். இராமனைப் புறத்தே நிறுத்தி ஏசும் ஒரு சொல்லும் கதையில் இல்லை. அதனாலேயே அது அத்தனை கனமாக இருக்கிறது.

இதனோடு ஒப்பிட நமக்கு நெருங்கிய மற்றொன்று உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ழீத் 1907இல் லூக்கா நற்செய்தியின் ஊதாரி மைந்தன் உவமையைத் திருப்பி எழுதினார். அதில் உவமையில் இல்லாத ஓர் இளைய தம்பி வருகிறான். அவனும் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். திரும்பி வந்த அண்ணனே விளக்கேந்தி அவனுக்கு வழிகாட்டுகிறான். (ழீத்தின் நூல்கள் யாவும் 1952இல் திருச்சபையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டன, அப்பட்டியல் 1966இல் வழக்கொழிந்தது. இங்கு நம் பேச்சு தடையைப் பற்றியதன்று.) நடை அழகியது, துயரமும் உண்மையானது. ஆனால் அந்தத் தம்பி உவமைக்குள்ளிருந்து பிறந்தவன் அல்லன். ழீத்தின் சொந்தத் தாகத்திலிருந்து பிறந்தவன். உவமை தானே திறந்து வைத்திருக்கும் இடம் வேறு. மூத்த மகன் வாயிலுக்கு வெளியே சினந்து நிற்கிறான்; தந்தை வந்து வருந்தி அழைக்கிறார்; அவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை. அந்த வாயிலில் நின்று எழுதியிருந்தால் ழீத்தின் கதை உவமையை நம்மிடம் புதிதாகத் திருப்பித் தந்திருக்கும். இப்போது அது ழீத்தைப் பற்றியே நமக்கு மிகுதியும் சொல்கிறது.

கேலிப்பாட்டைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பாரதியின் மெட்டில் தண்ணீர் லாரியைப் பாடினால் பாரதிக்குக் குறையுமில்லை, நமக்குப் பெரிய வரவுமில்லை. மெட்டு இரவல், அவ்வளவே. சிரிப்பைச் செம்மையாகக் கையாளவும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், ஆற்றைக் கடந்த சீடன் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஒருவன் குறைகிறான் என்று அழுகிறான். பிற சமய மடங்களை ஏளனம் செய்யவே முனிவர் இதனை எழுதினார் என்போர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. தன்னைக் கணக்கில் சேர்க்காத இம்மூடர்களின் கதை ஐரோப்பாவிலும் நெடுங்காலம் வழங்கியது. அவன் எல்லாச் சமயத்திலும் இருக்கிறான், நம் பங்கிலும் இருக்கிறான்.

புதுமைப்பித்தனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 'சாபவிமோசன'த்துக்கு முன்னரே அவர் 'அகல்யை' என்றொரு கதை எழுதியிருந்தார். அதில் கௌதமர் சபிப்பதில்லை, மன்னிக்கிறார், மனத்தூய்மையே கற்பு என்கிறார். இளம் எழுத்தாளர் ஒருவர் அத்தகைய கதையோடு நிறைவடைந்திருக்கலாம். ஆனால் சில ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் அதே பெண்ணிடம் திரும்பி வந்தார். கௌதமர் மன்னித்தது சரி, அவளுக்கு அது போதுமாயிருந்ததா என்று இம்முறை அவளையே கேட்டார்.