சமானம் என்ற சொல்

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பிற்பாடு எழுதித் தேறுவதற்கென்று அமெரிக்காவில் ஒரு பரீட்சை இருக்கிறது. ஜி.இ.டி. என்று பெயர். 1942-ல், யுத்தத்துக்குப் போன வாலிபர்களுக்காக ஏற்பட்டது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வந்தவனை மறுபடியும் பையன்களோடு பெஞ்சியில் உட்கார் என்று சொல்ல முடியுமா? தேறினால் உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்குச் சமானம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு அது எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இந்தச் 'சமானம்' என்ற சொல்லைத்தான் பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மன் பிடித்துக்கொண்டார். 1993-ல் ஸ்டீபன் காமெரனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, சமானம் என்கிறவர்கள் சமானமில்லை என்ற பொருள்பட அமைந்தது. 2014-ல் சகாக்களோடு ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அதன் உபதலைப்பில் 'குணம்' என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவருடைய கட்சி இதுதான்: இந்தப் பரீட்சையில் தேறியவனுக்கு மூளை, பள்ளியை முடித்தவனுக்கு ஏறக்குறைய சரியாகவே இருக்கிறது. ஆனால் சம்பாத்தியத்திலும், எடுத்த வேலையில் நிலைப்பதிலும், கல்லூரியைக் கடைசிவரை முடிப்பதிலும் அவன் சராசரியில் பின்தங்கிவிடுகிறான். பரீட்சை அறிவை அளக்கிறது. பொறுமையையும் விடாமுயற்சியையும் அளப்பதில்லை. குறுக்கு வழி இருக்கிறதே என்று பள்ளியை விடுகிற பையன்களும் உண்டு.

இதில் உண்மை இருக்கிறது. புள்ளிவிவரத்தோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் குணம் என்று வந்துவிட்டால், கதை எழுதுகிறவனுக்கும் இரண்டு வார்த்தை பேச உரிமை உண்டு.

சராசரிக்கு முகம் கிடையாது. பள்ளிக்கூடம் கசந்துபோய்ப் பதினேழு வயதில் எழுதித் தள்ளுகிற பையன் ஒரு தலை. பகலெல்லாம் பாத்திரம் கழுவிவிட்டு, குழந்தைகள் தூங்கின பிறகு கணக்குப் போட்டுப் பார்க்கிற தாய் ஒரு தலை. இரண்டையும் கூட்டி வகுத்தால் கிடைக்கிற ஆள் எந்த ஊரிலும் இல்லை.

மேலும், கூலியை வைத்துக் குணத்தை அளப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கூலி, வாங்குகிறவனின் குணத்தை மட்டுமா காட்டுகிறது? கொடுக்கிறவனின் குணத்தையும் சேர்த்துத்தான் காட்டுகிறது.

வெண்டிஸ் உணவுக் கடைகளைத் தொடங்கிப் பெரும் செல்வரான டேவ் தாமஸ், பதினைந்து வயதில் படிப்பை விட்டவர். ஹெக்மனின் கட்டுரை வந்த அதே 1993-ல், அறுபதை எட்டிவிட்ட பிறகு, அவர் இந்தப் பரீட்சையை எழுதித் தேறினார். அதனால் அவருடைய வருமானம் ஒரு காசு உயர்ந்திருக்காது. அவர் பெற்றதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டு வந்தவன் நான். விண்ணப்பத் தாளில் 'படிப்பு' என்ற கட்டத்துக்கு வந்ததும் இன்றும் என் பேனா ஒரு கணம் நிற்கும். அந்தத் தயக்கம் தீருவதற்கும் ஒரு விலை உண்டு.

பையன் வெளியே நழுவுகிற வாசலும், அந்தத் தாய் உள்ளே வருகிற வாசலும் ஒன்றாகவே இருக்கின்றன. பையனைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகக் கதவைச் சாத்திவிடாதீர்கள்.