அசைவும் ஒளிப்படமும்

ஓடுவதை நிற்கும் படத்திற் காட்டுதல் இயலுமா என்பது ஒளிப்படக் கலையின் பழைய வினாக்களுள் ஒன்று. இயலாது என்றார் பிரான்சு நாட்டுச் சிற்பி ரொடின். கமராவில் அகப்பட்ட நடையன் திடீரெனக் கல்லாய்ச் சமைந்தவன்போலத் தோன்றுகிறான், காலமோ நிற்பதில்லை, ஆதலின் ஒளிப்படம் பொய், கலைஞனே மெய்யன் என்பது 1911இல் வெளிவந்த உரையாடல் நூலில் அவர் நிறுவ முயன்ற கருத்து. இக்கூற்று ஆராயத்தக்கது.

அவர் கருதியவை கணநேரப் படங்கள். 1878இல் கலிபோர்னியாவில் மைபிரிட்ச் என்பார் பல கமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருகணம் நிலத்தை விட்டு நீங்குதலைக் காட்டினார். 1882 முதல் மாரே என்னும் பிரெஞ்சு உடற்றொழிலறிஞர் ஓர் அசைவின் பல நிலைகளை ஒரே தட்டிற் பதித்தார். முன்னவர் அசைவைத் துண்டித்தார். பின்னவர் துண்டுகளைக் கோத்தார். இவை அறிவுக்கு மெய்யே. ஆயினும் பார்ப்போன் உள்ளத்தில் ஓட்டவுணர்வு எழுமா என்பது வேறு வினா.

இதற்கு விடை காண, வெள்ளவத்தைக் கடலோரப் பாதையிற் புகையிரதமொன்று மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். அது செக்கனுக்கு 10 மீற்றர் செல்லும். கமராவின் ஷட்டர் 1/500 செக்கன் திறந்திருப்பின் வண்டி நகர்வது 2 சென்ரிமீற்றரே. படத்தில் அது நிலையத்தில் நிற்கும் வண்டிபோலத் தோன்றும். 1/10 செக்கன் திறந்திருப்பின் 1 மீற்றர் நகர்ந்து கோடுகளாய்க் கரையும். அதே நேர அளவில் வண்டியின் போக்கோடு ஒத்துக் கமராவைத் திருப்பினால், வண்டி தெளிவாய் நிற்க, அதன் பின்னுள்ள கரையும் கடலும் ஓடும். கை பழகும்வரை பல படங்கள் பழுதாகும். பழகியபின் வேகம் படத்தில் அமையும்.

ஆடிவேல் விழாவில் மறுதலையான முறை பொருந்தும். பொழுதுபட்டபின் கமராவை முக்காலியில் நிறுத்தி ஒரு செக்கன் திறந்தால், வேலிரதத்தின் விளக்குகள் ஒளியிழைகளாய் நீளும். வீதியோரத்திற் கைகூப்பி அசையாது நிற்கும் அடியார் தெளிவாய்ப் பதிவாவர். அவர் நிற்பதனாலேயே இரதம் செல்வது புலனாகும். அனைத்தும் கலங்கிய படத்திலோ அசைவு இல்லை, கவனக்குறைவே உண்டு. தெளிவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் நடுவரும், கலங்கலே கலையென மயங்கும் இளைஞரும் ஒருங்கே பிழைபடுவர். அசைவைக் காட்டுவது அசையாத ஒன்றே என்பது இவற்றாற் பெறப்படும்.

கொழும்பில் வாழ்ந்த லயனல் வென்ற் (1900–1944), கமரா கண்டதைப் பிரதிசெய்யும் பொறி மாத்திரமன்று என்பதைத் தம் இருட்டறைப் பரிசோதனைகளாலும் பல படங்களை இணைத்த ஆக்கங்களாலும் மெய்ப்பித்தார். 1934இன் ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் ஆவணத் திரைப்படத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. அதிற் கண்டி நடனம் காலத்தோடு செல்கிறது. ஒளிப்படக் கலைஞனுக்கு அவ்வசதி இல்லை. எது ஓட, எது நிற்க வேண்டுமென அவனே தேர்தல் வேண்டும்.

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிற் பொன்னம்பலவாணேசரை வழிபடுவோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. கூத்தப்பிரான் திருவுருவில் விரிசடை சுழலும். எடுத்த திருவடி வீசும். ஊன்றிய திருவடியோ பெயராது, திருமுகமோ சலியாது. ரொடினும் இதில் உள்ளம் பறிகொடுத்தார். சென்னை அருங்காட்சியகத்து நடராசத் திருமேனியைப் போற்றி அவர் எழுதியது, கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் எழுத்தும் அடங்கிய தொகுதியில் 1921இல் வெளிவந்தது. திருமேனியை அவர் நேரிற் கண்டாரல்லர். ஒளிப்படங்களைக் கண்டே எழுதினார். அவை நிற்கும் படிமத்தின் படங்கள் என்பது மெய்யே. ஆயினும் பொய்யென அவர் பழித்த கருவி, ஆடலை அவருக்கு உணர்த்திற்று. அவர் கண்ட குறை கமராவின் குறையன்று. நிற்பதையும் ஓடுவதையும் பகுத்தறியாது அதனைக் கையாள்வோரின் குறையே.