பனிக்கரடியும் காயல்பட்டினத்து மழையும்

பருவநிலை மாற்றம் பற்றிய பாடம் பெரும்பாலும் வடதுருவத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. பனிக்கரடியை அழகுற வரையும் நம் பிள்ளை, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஏன் என்று கேட்டால் விழிக்கிறது. ஓராண்டு முழுவதும் அங்கு பெய்யும் மழையினும் மிகுதியன்றோ அது! இடுப்பளவு நீரில் நின்ற பிள்ளைக்குக் கரடிப்படம் எதற்கு?

குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சி அம்மழைக்கு உடனடிக் காரணம். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால், அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும் என்பது பொது விதி. இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும்.

ஆயினும், எந்த வெள்ளத்துக்கும் ‘பருவநிலை மாற்றமே காரணம்’ என்று மனனம் செய்விப்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையை ஆராய்ந்த அறிவியலாளர்கள், அதில் புவி வெப்பமாதலின் தடயம் தெளிவாகப் புலப்படவில்லை என்றே 2016இல் எழுதினர். காற்றிலுள்ள மாசு வங்கக்கடல் சூடேறுவதை மட்டுப்படுத்தியிருக்கலாம் என்பது அவர்கள் கூறிய விளக்கம். ஏரிகளின் மேல் எழுந்த வீடுகள் வேறு கதை. அதனையும் வகுப்பில் பேசத்தான் வேண்டும்.

காயல்பட்டினத்து மழை இவற்றுள் எவ்வகை என்று ஒரு மாணவன் எழுந்து வினவினால், “பாடத்தில் இல்லை, உட்கார்” என்று ஆசிரியர் கூறாதிருப்பாராக.