பல் கூச்சமும் பழியும்: எசேக்கியேல் 18ஐ வாசித்த மரபுகள்

மலர்க் குழுவினர் தீர்க்கதரிசிகளும் தனிமனிதப் பொறுப்பும் என்ற தலைப்பைக் கொடுத்துப் பக்க அளவையும் சொல்லிவிட்டதால், ஆமோஸையும் ஓசியாவையும் விட்டு நேரே எசேக்கியேல் 18க்கு வருகிறேன். நம் சங்கத்தின் மூத்தோர் எத்தனையோ அமர்வுகளில் அலசிய அதிகாரம் இது. அவர்கள் போட்டுத் தந்த தடத்தில் நின்றே ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். முன்னோர் பாவம் எங்கள் தலையில் விடிந்தது என்ற கொள்கை, கி.மு. 597இல் நாடுகடத்தப்பட்டுப் பாபிலோனின் கேபார் நதிக்கரையில் இருந்தவர்களுக்குச் சுமையாக இருக்கவில்லை. அது அவர்கள் ஒதுங்கிய நிழல். அந்த நிழலைத் தீர்க்கதரிசி பிடுங்கியபோதுதான் முறையிட்டார்கள்.

சான்று அதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. தகப்பன் தின்ற திராட்சைக்காயும் பிள்ளையின் பல் கூச்சமும் பற்றிய பழமொழியை எரேமியா 31:29 முடிந்துபோன செயலாகச் சொல்கிறது. எசேக்கியேல் 18:2இலோ தின்பது வழக்கமாக நடக்கும் செயல். எப்போதோ நேர்ந்த ஒன்று, உலக நியதியே இதுதான் என்று சாதிக்கும் பேச்சாகிவிட்டது. கூச்சத்துக்கு எபிரேயத்தில் வரும் வினைக்கு மழுங்குதல் என்பது அடிப்பொருள். பிரசங்கி 10:10இல் மழுங்கிய இரும்புக்கும் அதே வினைதான். தமிழில் ‘கூசுதல்’ என்று பெயர்த்தவர் புளியங்காய் கடித்த வாயை அறிந்தவர். இந்தக் குறைகூறலை வெறும் சாக்கென்று தள்ளவும் முடியாது. புலம்பல் 5:7இல் அதே குரல் கேட்கிறது. யோசியாவின் சீர்திருத்தத்துக்குப் பின்னும் மனாசேயின் பாவமே யூதாவைச் சாய்த்தது என்று 2 இராஜாக்கள் 23, 24 அதிகாரங்கள் சொல்கின்றன. ஆனால் 18:19ஐக் கவனியுங்கள். தகப்பனின் அக்கிரமத்தை மகன் ஏன் சுமக்கக் கூடாது என்று கேட்பவர்கள் அந்த மகன்களேதான். பழைய கணக்கு தொடர வேண்டும் என்று கெஞ்சுகிறார்கள். 18:25இல் ஆண்டவருடைய வழியில் அவர்கள் குறை காணும் சொல், அளத்தலும் நிறுத்தலும் சார்ந்த வேரிலிருந்து வருவது. தராசில்தான் கோளாறு என்கிறார்கள்.

ரபிமார் மரபு இந்த அதிகாரத்தின் கூர்மையை மறைக்கவில்லை. தல்மூதின் மக்கோத் 24அ, தகப்பன் அக்கிரமம் பிள்ளைகளிடம் விசாரிக்கப்படும் என்று மோசே விதித்ததை எசேக்கியேல் வந்து ரத்து செய்தார் என்று துணிந்தே சொல்கிறது. மோசேயின் அந்த வசனத்தை (யாத்திராகமம் 20:5) அரமேயத்தில் பெயர்த்த ஒன்கெலோஸ் தர்கூமோ பிள்ளைகளும் தகப்பன்மாரைப் போலவே பாவத்தில் தொடர்ந்தால் என்ற நிபந்தனையைச் சேர்த்து இரண்டையும் இணக்கிவிடுகிறது. எசேக்கியேலின் புத்தகத்தையே ஒதுக்கிவைக்க இருந்தபோது, அனனியா பென் எசேக்கியா 300 ஜாடி எண்ணெயோடு மேலறையில் உட்கார்ந்து முரண்பாடுகளைத் தீர்த்தார் என்ற மரபுச் செய்தியை நம் உறுப்பினர்கள் அறிவார்கள். கடினமான வசனத்தை விட்டு ஓடாத அந்த ஒழுக்கம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய வழி, கூட்டத்திலிருந்து தனிமனிதனைப் பிரித்தெடுத்த முன்னோடிகள் எரேமியாவும் எசேக்கியேலும் என்றது. தகப்பனுக்காகப் பிள்ளையைக் கொல்லலாகாது என்னும் உபாகமம் 24:16 ஒன்றே இந்த வளர்ச்சிப் படிக்கட்டை ஆட்டம் காண வைக்கிறது. தன் தகப்பனைக் கொன்றவர்களின் பிள்ளைகளை அமத்சியா உயிரோடு விட்டதும் (2 இராஜாக்கள் 14:6) எசேக்கியேலுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு முந்திய ஆட்சியின் செய்தி. வீலர் ராபின்சன் 1936இல் முன்வைத்த ‘கூட்டு ஆளுமை’ ஒருவன் குற்றத்துக்கு வீட்டாரும் அழிந்த ஆகானின் கதையை விளக்க உதவியது. ஆனால் எபிரேயருக்கு நான், நாம் என்ற வேறுபாடே தெரியாதது போன்ற தோற்றத்தையும் தந்துவிட்டது. 1970இல் ரோஜர்சன் அதைத் தட்டிக் கேட்டார். பால் ஜாய்ஸ் 1989இலும் ஜோயல் கமின்ஸ்கி 1995இலும் எழுதிய நூல்களுக்குப் பிறகு, இந்த அதிகாரத்தைத் தனிமனிதவாதத்தின் சாசனமாகக் காட்டுவது எளிதல்ல.

எங்கள் ஆசிரியர் ஐயாவின் பாடவழியில் வந்தவர்களுக்கு ஒரு விதி உண்டு: 32 வசனங்களையும் ஒரே மூச்சில் படி, வினைகளின் எண்ணைக் குறி. ஐயா இதைப் பெரிய கொள்கையாகப் பேசியதில்லை. படிக்கும் பழக்கமாகவே ஊட்டினார். அப்படிப் படிக்கையில் நீதிமான், கொடிய மகன், நல்ல பேரன் என்ற மூன்று வழக்குகள் ஒருமையில் ஓடிவந்து, 30ஆம் வசனத்தில் ‘திரும்புங்கள்’ என்ற கட்டளை பன்மையில் விழுவது தெரியும். தனித்தனி வழக்குகளைக் காட்டி ஒரு வீட்டார் முழுவதையும் அழைக்கிறார் தீர்க்கதரிசி. ‘ஆத்துமா’ என்று நம் வேதாகமத்தில் நிற்கும் நெபெஷ், உடலை விட்டுப் பறக்கும் ஒன்றல்ல, உயிருள்ள ஆள். அந்த ஆளைச் சோதிக்கும் இடமும் ஆலயம் மட்டுமல்ல. வாங்கிய அடகைத் திருப்பித் தந்தானா, பசித்தவனுக்கு அப்பம் கொடுத்தானா, வட்டி வாங்கினானா என்று கேள்விகள் அடுக்கப்படுகின்றன. வட்டிக்கான நெஷெக் என்ற சொல்லோ ‘கடி’ என்ற வேரில் பிறந்தது. தகப்பன் காயால் கூசிய பல்லைக் காட்டி அழுதவர்களிடம், கடன்காரனைக் கடித்தாயா என்று திரும்பிக் கேட்கிறது இந்தப் பட்டியல்.

எதிர்க்கேள்வி உண்டு. அதே புத்தகத்தின் 21ஆம் அதிகாரத்தில் பட்டயம் நீதிமானையும் துன்மார்க்கனையும் சேர்த்தே வெட்டுகிறதே? வெட்டுகிறதுதான், எருசலேம் விழுகையில் யாரும் தனியாகத் தப்ப முடியாது. ஆனால் 18ஆம் அதிகாரத்தில் வரும் ‘பிழைப்பான்’ என்பது பட்டயத்துக்குத் தப்புவது மட்டுமாக இருக்க முடியாது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏற்கெனவே தப்பி வந்தவர்கள். துன்பம் தலைமுறை தாண்டும், குற்றம் தாண்டாது என்று பிரித்துக்கொள்வதே இரண்டு அதிகாரங்களுக்கும் நியாயம் செய்யும். 36:26இல் தேவனே புது இருதயத்தைத் தருகிறார், 18:31இல் மக்கள்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் இப்படித்தான். கொடையென்று கண்ட பின்னும் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் கட்டளையை அழிக்கவில்லை.

யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. ஊழியத்தில் உழைப்பவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆயினும் இன்றைய மேடைகள் சிலவற்றில் பரம்பரைச் சாபக்கட்டு முறிக்கும் ஜெபம் நடக்கும் விதம் நெஞ்சை அறுக்கிறது. யாத்திராகமம் 20:5இல் ‘என்னைப் பகைக்கிறவர்களை’ என்ற நிபந்தனை விழுங்கப்படுகிறது. பாட்டன் செய்த பாவத்தைத் துருவி, கடனாளிக்கும் பிள்ளையில்லாதவளுக்கும் புதுக் குற்றப்பத்திரிகை எழுதப்படுகிறது. மூல மொழி வேண்டாம், விளக்கவுரை வேண்டாம், அதிகாரத்தை முடிக்கக்கூட நேரமில்லை. ஒலிபெருக்கியும் ஒற்றை வசனமும் போதும் என்றாகிவிட்டது. கேபார் கரையில் தீர்க்கதரிசி இடித்துத் தள்ளிய நிழற்குடையை அவர் பெயராலேயே திரும்பக் கட்டுகிறார்கள். அடியில் ஒதுங்கும் கூட்டமும் பெருகுகிறது. இரண்டு தலைமுறை ஆசிரியர்கள் கற்பித்தது ஒரு தலைமுறையில் கரைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். சங்கத்தின் வரும் ஆண்டு வாசிப்பு நிரலில் இந்த அதிகாரத்தை முதல் அமர்விலேயே வைத்து, 32 வசனங்களையும் நிறுத்தாமல் உரக்கப் படிக்க ஏற்பாடு செய்யுமாறு மூத்தோரை வேண்டுகிறேன். விளக்கம் அதற்குப் பிறகு தொடங்கட்டும்.