ஓட்டம் உள்ளத்துக்கு மருந்தா?

உடற்பயிற்சி செய்தால் உடல் உரம் பெறும் என்பதை யாவரும் அறிவர். உள்ளமும் உரம் பெறுமா? பெறும் என்று அடித்துச் சொல்லும் நூல் ‘ஸ்பார்க்’. அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் ரேட்டி, எரிக் ஹேகர்மன் என்பவருடன் சேர்ந்து எழுதிய இந்நூல் 2008-இல் வெளிவந்தது. அறிவியல் நூல் என்ற முறையில் இதனை எடைபோட்டுப் பார்ப்போம்.

நூலின் சிறந்த பகுதி அதன் தொடக்கமே. சிகாகோவுக்கு அருகிலுள்ள நேப்பர்வில் என்னும் ஊரின் பள்ளிகளில், உடற்பயிற்சி வகுப்பில் மாணவர்களுக்கு இதயத்துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தினர். யார் முந்தி ஓடினார் என்று பாராமல், யார் தம் ஆற்றலுக்கேற்ப முயன்றார் என்று பார்த்து மதிப்பிட்டனர். மெல்ல ஓடுபவரின் இதயமும் விரைந்து துடிக்கும் அல்லவா? கடைசியில் வரும் மாணவரின் கூச்சத்தைப் போக்க இது நல்ல வழி.

மனச்சோர்வு பற்றிய பகுதியைத்தான் நாம் எச்சரிக்கையுடன் படிக்கவேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வை ரேட்டி பெரிதும் போற்றுகிறார். மனச்சோர்வுற்ற 156 பேரை அக்குழுவினர் மூன்று பிரிவாக்கினர். முதற் பிரிவினர் பயிற்சி செய்தனர். அடுத்தவர் செர்ட்ராலின் மாத்திரை உட்கொண்டனர். மூன்றாமவர் இரண்டையும் மேற்கொண்டனர். 16 வாரங்களுக்குப்பின் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர்.

ஆனால், இவை எதுவும் இன்றியே எத்தனை பேர் தேறியிருப்பர்? அதை அறிய, மருந்தில்லாத வெற்று மாத்திரை பெறும் பிரிவு ஒன்று வேண்டும். அந்த ஆய்வில் அது இல்லை. அக்குழுவினரே 202 பேரைக் கொண்டு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இக்குறையை நீக்கினர். அதில் நோயிலிருந்து மீண்டவர்கள்: மருந்து உண்டவரில் 47 விழுக்காடு, மேற்பார்வையில் பயிற்சி செய்தவரில் 45, வீட்டில் செய்தவரில் 40, வெற்று மாத்திரை உண்டவரில் 31. பயிற்சி மருந்துக்கு ஏறத்தாழ ஈடுகொடுக்கிறது என்பது இதனால் விளங்கும். எந்தப் பிரிவிலும் பாதிப்பேர்கூட முழுதாக மீளவில்லை என்பதும் விளங்கும். நூலின் உற்சாகத்தில் இந்த இரண்டாம் உண்மை மங்கிவிடுகிறது.

காரணம் கூறும் இடத்திலும் இதே அவசரம். நரம்பணுக்களைப் பேணும் பி.டி.என்.எஃப். என்னும் புரதத்தை மூளைக்கு இடும் உரமாக ரேட்டி வருணிக்கிறார். சுழல் சக்கரத்தில் ஓடிய எலிகளின் மூளையில் அது பெருகுவதைக் கார்ல் காட்மன் குழுவினர் 1995-இல் கண்டது உண்மையே. எனினும், எலியின் மூளையிலிருந்து மனிதரின் துயரத்துக்குச் செல்லும் பாதை நெடியது. நூலோ அதனை ஒரே தாவலில் கடக்கிறது.

இதனால் என்ன கேடு என்று கேட்பீர்கள். கடும் மனச்சோர்வு கொண்டவருக்குப் படுக்கையைவிட்டு எழுவதே பெரும்பாடு. “எழுந்து ஓடு, எல்லாம் சரியாகும்” என்று அவரிடம் சொன்னால், நோயோடு பழியையும் சுமத்தியவர்களாவோம். மருந்து உண்பவர் அதனைத் தாமே நிறுத்துவதும் ஆபத்தானது. மருத்துவரைக் கேட்டு, மருந்துடன் பயிற்சியையும் சேர்த்துக்கொள்வதே முறை.

மாணவ நண்பர்களே! தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது உங்கள் விளையாட்டு நேரம். அதை விட்டுக்கொடாமல் காக்க இந்நூல் உங்களுக்கு நல்ல துணை. அதற்காகப் படியுங்கள், வைத்திய நூலாகக் கொள்ளாதீர்கள்.