வருடச் சாமான்: வாங்க வேண்டியதும் விட வேண்டியதும்

மாசி, பங்குனியில் பூந்தமல்லி மொட்டை மாடிகளில் மிளகாய் காயும். புதுப்புளியும் புதுமிளகாயும் வரத்தாகும் இந்த மாதங்களில் ஆண்டு முழுமைக்கும் வாங்கி வைக்கும் குடும்பங்கள் இங்கே இன்றும் உண்டு. இது உண்மையான சிக்கனம்தானா?

வரத்து மிகும்போது விலை இறங்கும் என்பதே இதன் பலம். 2015 அக்டோபரில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் வரை ஏறியபோது, அறுவடைக் காலத்திலேயே வாங்கியவர்கள் தப்பித்தார்கள். காக்கும் முறையும் கைவசம் இருக்கிறது. புளியைக் கொட்டையும் நாரும் நீக்கிக் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அழுத்தி வைத்தால் ஆண்டு தாண்டும். பருப்பில் விளக்கெண்ணெய் பிசறி வெயில் காட்டினால் வண்டு அண்டாது.

ஆனால், கையில் மொத்தப் பணம் இருப்பவருக்கே இந்த லாபம். மாதம் 2 கிலோ பருப்பு செலவாகும் வீட்டுக்கு ரேஷனில் 30 ரூபாய்க்கு 1 கிலோ கிடைத்துவிடும். மீதி 12 கிலோவை 120 ரூபாய் வீதம் வாங்கினால் 1,440 ரூபாய். பிறகு விலை சராசரியாக 135 ஆனாலும் மிச்சம் 180 ரூபாய்தான். அந்த 1,440 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கி 12 மாதத் தவணையில் அடைத்தால் வட்டி மட்டும் 280 ரூபாய். சேமிப்பு கடனாகிவிடும்.

அடுத்தது ஈரம். ஐப்பசி மழையில் ஈரம் கோத்த மிளகாயிலும் நிலக்கடலையிலும் பூஞ்சை பிடிக்கும். அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு சமைத்தாலும் முழுவதும் அழியாது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் பெருகியபோது, கரையோரத் தரைத்தள வீடுகளில் அரிசி மூட்டைகளும் நாசமாயின.

தள்ளுபடிக்காகச் சோப்பும் ஷாம்பும் குவிப்பது இந்த மரபில் சேராது. அவற்றுக்கு அறுவடைக் காலம் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் அவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அதற்கு முன் டஜன் கணக்கில் அடுக்கியவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. அலமாரி நிறைந்திருந்தால் கையும் தாராளமாகும்.

ஆகவே புளி, மிளகாய், பருப்பு மூன்றையும் கைப்பணத்தில், பருவத்தில் வாங்குங்கள். சோப்பும் ஷாம்பும் மாதக் கணக்கிலேயே இருக்கட்டும். மொத்தப் பணம் இல்லாதவர்கள் நாலைந்து வீடாகச் சேர்ந்து, கோயம்பேடு தானிய அங்காடியில் ஒரு மூட்டை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். கடன் வாங்கி மட்டும் யாரும் வருடச் சாமான் போட வேண்டாம்.