அடுத்த டாக்டர் யார்?

2025 மே 31 அன்று வந்த 'தி ரியாலிட்டி வார்' அத்தியாயத்தின் முடிவில், ஷூட்டி காட்வா நடித்த டாக்டர் ஒளிப்பிழம்பாகி பில்லி பைப்பராக மாறினார். 2005ல் டாக்டரின் தோழி ரோஸாக வந்தாரே, அதே பில்லி பைப்பர். அவர்தான் புது டாக்டரா என்பதைத் தொடர் உறுதியாகச் சொல்லவே இல்லை. பிறகு அக்டோபரில், டிஸ்னியுடனான கூட்டு முடிகிறது என்றும், ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதும் சிறப்பு அத்தியாயம் 2026 கிறிஸ்துமஸுக்கு வரும் என்றும் பிபிசி அறிவித்தது. அவ்வளவுதான் செய்தி. ஆனா 'டாக்டர் ஹூ' ரசிகர்களுக்கு அது போதும். அடுத்த டாக்டர் யார், யார் எழுதணும், எதெல்லாம் மாறணும் என்று ஆளுக்கொரு பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது.

தொடரைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. 1963 நவம்பர் 23ல் தொடங்கியது. போலீஸ் டெலிபோன் பெட்டி வடிவில் இருக்கும் கால இயந்திரத்தில் ஊர் சுற்றும் வேற்றுக்கிரகவாசிதான் டாக்டர். நடிகர் விலகினால் டாக்டருக்கு உடம்பே மாறிவிடும். கூடுவிட்டுக் கூடு பாய்வது மாதிரி இல்லை. அதே உயிர், அதே நினைவு, புது முகம், புது சுபாவம். அதனால் ரசிகர்கள் இதைச் சகாப்தங்களாகப் பிரித்துத்தான் பேசுவார்கள்.

இந்தப் பட்டியல்களை உட்கார்ந்து படித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். எல்லாமே எதிர்காலத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். உண்மையில் முடிந்துபோன சகாப்தத்தின் மேல் உள்ள கோபம்தான் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். ஸ்டீவன் மொஃபட் காலத்தில் புதிர் மேல் புதிர் போட்டுக் குழப்புகிறார் என்றார்கள். தனித்தனிக் கதைகள் வேண்டும் என்றார்கள். 2018ல் கிறிஸ் சிப்னல் வந்து அதைத்தான் செய்தார். அந்தப் பத்து அத்தியாயங்களிலும் பழைய அரக்கர்கள் யாருமில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை. உடனே 'தலெக் எங்கே, மாஸ்டர் எங்கே' என்று ஆரம்பித்தார்கள். 2020ல் மாஸ்டரும் சைபர்மேனும் வந்தார்கள், டாக்டரின் பூர்வீகமே மாற்றி எழுதப்பட்டது. அதற்கு விழுந்த திட்டு இன்னும் பெரிது. கேட்டது கிடைத்த பிறகுதான் கேட்டது அது இல்லை என்று தெரிகிறது.

இன்னொரு பக்கம், இந்தத் தொடரை உயிரோடு வைத்தவை எவை என்று பார்க்கலாம். தொடரை உருவாக்கிய சிட்னி நியூமன், பூச்சிக்கண் அரக்கர்கள் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். 27 வயதுத் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் தலெக்குகளை உள்ளே விட்டார். தொடர் பிழைத்தது. 1966ல் முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னலின் உடல்நிலை மோசமானது. வேறு வழியில்லாமல் பேட்ரிக் ட்ரௌட்டனாக மாற்றினார்கள். அதற்கு 'ரீஜெனரேஷன்' என்ற பெயர் கிடைத்ததே 1974ல்தான். 1970ல் டாக்டரைப் பூமியில் சிறைவைத்ததற்குச் செலவைக் குறைப்பது ஒரு முக்கியக் காரணம். இவை எதையும் எந்த ரசிகரும் கேட்கவில்லை. நோயும் பணமுடையும் ஒரு பிடிவாதமும் செய்த வேலை.

அப்போ ரசிகர்களின் காத்திருப்புக்கு மதிப்பே இல்லையா? இருக்கு. 1989 டிசம்பரில் தொடர் நின்றது. 1996ல் வந்த ஒரே ஒரு டிவி படத்தை விட்டால், 2005 மார்ச் வரை திரையில் புதுத் தொடர் இல்லை. அப்போது ரசிகர்கள் ஊகம் பண்ணிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை, எழுதினார்கள். பால் கார்னெல் 1995ல் எழுதிய 'ஹ்யூமன் நேச்சர்' நாவல் 2007ல் டிவிக்கு வந்தது. ராப் ஷியர்மனின் ஒலிநாடகம் 'ஜூபிலி', 2005ன் 'தலெக்' அத்தியாயத்துக்கு விதையானது. டேவிஸும் 1996ல் ஒரு டாக்டர் ஹூ நாவல் எழுதியவர்தான். வரும் என்ற உத்தரவாதம் இல்லாத காலத்தில் காத்திருப்பு உழைப்பாக மாறியிருக்கிறது. தேதி அறிவித்த பிறகு அது பெரும்பாலும் பந்தயம் கட்டுவதாகிவிடுகிறது.

ஆனா அந்தக் கதைக்கு ஒரு விலையும் உண்டு. காத்திருந்த ரசிகர்கள்தான் 2005க்குப் பிறகு தொடரை நடத்துகிறார்கள். டேவிஸ், மொஃபட், சிப்னல் மூவருமே சின்ன வயதிலிருந்து ரசிகர்கள். சிப்னல் 1986லேயே டிவியில் தோன்றி, அன்றைய கதைகளை எழுதியவர்களின் முகத்துக்கு நேராகக் குறை சொன்னவர். ரசிகர் கையில் சாவி கிடைத்தால் முதலில் எந்த அறையைத் திறப்பார்? பழைய பொருட்கள் இருக்கும் அறையைத்தான். 2022ல் ஜோடி விட்டேகர் மாறியது புது முகமாக இல்லை, மறுபடி டேவிட் டென்னன்டாக. 2024 சீசன் முடிவில் 1975ன் சுடெக். 2025 முடிவில் 1985ன் ராணி, 1973ன் ஒமேகா, கடைசியில் பில்லி பைப்பர். எட்டே அத்தியாயம் உள்ள சீசனில் கடைசி இரண்டும் இப்படிப் போனால் புதுசுக்கு எங்கே இடம்?

இத்தனைக்கும் புதுசு அங்கேயே இருந்தது. 2024ன் 'டாட் அண்ட் பபிள்' கதையில், தங்களைக் காப்பாற்ற வந்த கறுப்பின டாக்டரின் கையைப் பிடிக்க மறுத்து அழிவை நோக்கிப் போகிறார்கள் அந்தப் பணக்கார வெள்ளை இளைஞர்கள். காட்வா டாக்டராக இல்லாவிட்டால் அந்த முடிவை எழுதியிருக்கவே முடியாது. 2025ன் 'தி ஸ்டோரி அண்ட் தி எஞ்ஜின்' லாகோஸ் நகரத்து முடிதிருத்தும் கடை ஒன்றில் நடக்கிறது. எந்தப் பட்டியலிலும் இவற்றை நான் பார்த்ததில்லை. காட்வா சகாப்தம் என்று நாளைக்கு நினைவில் நிற்கப்போவது சுடெக் இல்லை, இவைதான்.

2022ல் டென்னன்ட் முகம் தெரிந்ததும் நானும் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். அதை மறைத்துவிட்டு இதை எழுதுவது நியாயமில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனா அது புதுசு வந்த சந்தோஷம் இல்லை, தொலைத்தது திரும்பக் கிடைத்த சந்தோஷம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதுதான் சிக்கல்.

என் பட்டியலில் இப்போது ஒரே ஒரு வரிதான் மிச்சம்: அடுத்து எழுத வருகிறவர் இந்தத் தொடரைப் பார்த்து வளராதவராக இருக்கட்டும். வந்தால் முதல் மூணு வாரம் திட்டுவேன்னு நினைக்கிறேன்.